128 கருவிகளில் தவில் இல்லை

அவிநாசியில் சித்திரைத் தேர் கிளம்பும் நாளில், பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு புறம் நாகசுரமும் தவிலும், இன்னொரு புறம் ஜமாப் மேளம். இந்த ஓசையில் வளர்ந்த பிள்ளைகள், லேப்டாப்பில் இலவச இசை மென்பொருள் ஒன்றை இறக்கிப் பாட்டு அமைக்க உட்கார்ந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, இதுல தவில் வருமுங்களா?"

பியானோ வரும். வயலின் கூட்டம் வரும். ஸ்காட்லாந்துக்காரர்களின் பேக்பைப் வரும். தவில் வராது.

இதன் வேர் 1991இல் இருக்கிறது. எந்த மின்னணுக் கருவியில் வாசித்தாலும் ஒரே எண்ணுக்கு ஒரே வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ‘ஜெனரல் மிடி’ பட்டியலை வகுத்தார்கள். மொத்தம் 128 இடங்கள். இந்தியாவின் பங்காக 105ஆம் எண்ணில் சித்தாரும் 112இல் ஷெனாயும் கிடைத்தன. வீணை, நாகசுரம், மிருதங்கம் எதுவும் இல்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கும் ஹெலிகாப்டர் சத்தத்துக்கும் தனித்தனி எண் உண்டு. இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலைப் பார்த்தே அடுக்கப்பட்டவை.

அதற்காக இலவச இசை மென்பொருள்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சிந்தசைசர் பெட்டி வாங்க வேண்டும். அது வசதியுள்ள ஸ்டூடியோக்களால்தான் முடியும். ஸ்டெய்ன்பர்க் நிறுவனம் 1996இல், இசை மென்பொருளுக்குள் ப்ளகின் என்ற துணை நிரலைச் செருகும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, வாத்தியமே ஒரு ப்ளகின் ஆகிக் கணினிக்குள் புகுந்தது. 2004இல் தொடங்கிய எல்.எம்.எம்.எஸ். என்ற இசை மென்பொருள் முழுக்க இலவசம், மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ட்ராக்‌ஷன் நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீயும் காசு கேட்பதில்லை. வைட்டல், சர்ஜ் எக்ஸ்.டி. போன்ற சிந்தசைசர் ப்ளகின்களும் அப்படித்தான். இத்தனை இருக்கும்போது ‘கிராக்’ செய்த மென்பொருளைத் தேடி வைரஸையும் சேர்த்து வாங்கிக்கொள்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்.எம்.எம்.எஸ்.ஸின் 1.2 பதிப்பு, வி.எஸ்.டி. வகையில் பழைய வி.எஸ்.டி. 2 ப்ளகின்களை மட்டுமே ஏற்கும். இன்று வெளியாகும் பலவும் வி.எஸ்.டி. 3. இறக்கி நிறுவிய பிறகும் பட்டியலில் பெயர் தெரியவில்லை என்றால் கோளாறு கணினியில் இல்லை. அதே ப்ளகினை வேவ்ஃபார்மில் திறந்தால் வந்துவிடும். கீபோர்டு கட்டையை அமுக்கிச் சற்றுத் தாமதமாக ஒலி வந்தால் கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபர் அளவைக் குறைக்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 1024 பஃபருக்குச் சுமார் 23 மில்லி நொடியும், 256 பஃபருக்கு 6 மில்லி நொடிக்குள்ளும் தாமதம் ஆகும். தாளம் வாசிப்பவர் கைக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

நம் இசைக்கு உண்மையான சிக்கல் வேறு. மின்னணு வாத்தியங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாக 1983இல் பிறந்த மிடி, கட்டை வைத்த வாத்தியத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரு கட்டைக்கு ஒரு எண். தோடி ராகத்தின் காந்தார சுரமோ ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு ஆடும். அந்த ரிஷபம் காந்தாரத்துக்கு இரண்டு அரைச்சுரம் கீழே, மத்தியமம் இரண்டு அரைச்சுரம் மேலே. கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எல்லையும் மேலும் கீழும் சரியாக இரண்டு அரைச்சுரம்தான்! அந்த எல்லைக்குள் 16,384 படிகள். ஆக, தோடி காந்தாரத்துக்கு அதுவே போதும். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டே ஜாரு போக வேண்டுமென்றால் எல்லையை 12 ஆக்கிக்கொள்ள வேண்டும். எல்.எம்.எம்.எஸ்.ஸின் சொந்த வாத்தியங்கள் பலவற்றில் இன்னொரு வழியும் உண்டு. சுரங்களைக் கட்டங்களில் வைக்கும் பியானோ ரோலில் ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் சுருதி வளைவை மவுஸாலேயே வரையலாம். நேர்கோடுகளால் வரைந்தால் சைரன் மாதிரி கேட்கும். மேலே ஒரு கணம் நின்று, வேகமாக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். காதில் ராகம் இருப்பவருக்குக் கை தானாகத் திருந்தும்.

வளைவை வரைந்துவிடலாம். ஒலிக்கு எங்கே போவது? என் பதில்: நாமே செய்ய வேண்டும், அதற்கு அவிநாசியைவிட நல்ல இடம் குறைவு. ஒலி நூலகம் செய்யும் வெளிநாட்டு நிறுவனம் தவில் வித்வானைத் தேடி விமானம் ஏற வேண்டும். நமக்கு அவர் அடுத்த தெரு.

வேலை பொறுமையைக் கேட்கும், பணத்தை அதிகம் கேட்காது. தவிலின் வலப்பக்கம் கூடு மாட்டிய விரல்கள் விழும், இடப்பக்கம் குச்சி. ஒவ்வொரு சொல்லையும், அதாவது ஒவ்வொரு வகை அடியையும், மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அளவிலும், ஒவ்வொரு அளவிலும் நான்கு தரமாவது வாசிக்கச் சொல்லிப் பதிய வேண்டும். நான்கு எதற்கு என்றால், ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரம் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். நான்கும் மாறி மாறி வந்தால் கை வாசிப்பதாகவே படும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வெட்டி, எந்தக் கட்டைக்கு எந்த ஒலி, எவ்வளவு அழுத்தினால் எது என்று ஓர் எஸ்.எஃப்.இசட். கோப்பில் எழுத வேண்டும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடு போதும். ஸ்ஃபோர்ட்சாண்டோ என்ற இலவச ப்ளகின் அதைத் திறந்து வாசிக்கும். உடுக்கை இன்னும் நுட்பம்: அதன் இடுப்பில் உள்ள கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறுவதைப் பிட்ச் சக்கரத்தில் ஏற்றிவிட்டால் அதன் விம்மல் கைக்கு வந்துவிடும்.

நாட்டுப்புறக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடியதை மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்கு நாட்டில் தங்கி ஒலிநாடாவில் பதிந்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நம் கையில் அன்றைய டேப் ரெக்கார்டரைவிட நல்ல கருவி இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு நாள் பதிந்த தவில் ஆயிரம் பாட்டில் ஒலிக்கும். வாசித்தவருக்கு அந்த ஆயிரம் மேடையும் கிடைக்காது. ஆகவே இது கோப்பாகிப் பலர் கையில் போகும் என்பதை முன்கூட்டியே விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் மைக்கை வைக்க வேண்டும். சம்பளத்தைக் கச்சேரிக் கணக்கில் பேசாமல் அதற்கு மேல் பேச வேண்டும். இலவசமாகப் பகிர்வதா, விற்பதா, விற்றால் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் பெயரும் ஊரும் தொகுப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.