மின்கோடுகள் - 9: கோடு தொங்கக் கூடாது

போன வாரம் டிவி படத்தின் 625 கோட்டில் நிறுத்தினோம். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி என்பது நினைவிருக்கும்; மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். ரட்-எட்ரா கருவியை இந்த வாரம் கணினிக்குள் கட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கட்டத்தான் உட்கார்ந்தேன். முதல் படியிலேயே வேறொன்று பிடித்துக்கொண்டது.

அந்த வகை அனலாக் வீடியோ சிந்தசைசரில் எலக்ட்ரான் கற்றையை இட வலமாக ஓர் அலை இழுக்கும், மேலும் கீழுமாக இன்னோர் அலை. இதைச் செய்ய நான் வைத்திருப்பது மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய பியூர் டேட்டா. இலவச மென்பொருள். இதில் வரி வரியாக நிரல் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து ஒயரால் கோத்துக்கொண்டே போகலாம். 'ஆஸ்க்' என்ற அலையாக்கிப் பெட்டி இரண்டு எடுத்தேன். 400 ஹெர்ட்ஸ் இட வலத்துக்கு, 300 மேல் கீழுக்கு.

படம் வந்தது. மூலையில் இரண்டு முனை நீட்டிக்கொண்டிருந்தது. மேல வீதி வீட்டில் காபி கொண்டுவந்து வைத்த சித்தி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னடா, கோடு தொங்குது? சிக்குக் கோலத்துல கோடு தொங்கக் கூடாது. ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடியணும்."

அவர் சொன்னது சரி. ஆஸ்க் தருவது கொசைன் அலை. இரண்டும் உச்சியிலிருந்தே கிளம்பியதால் கற்றை மூலையில் முட்டி, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. 300 ஹெர்ட்ஸ் அலையை மட்டும் 22.5 டிகிரி தள்ளினேன். கோடு விரிந்து, வளைந்து, மூடிக்கொண்டது. சித்தி கோலமாவு டப்பாவை எடுத்துவந்து முற்றத்தில் 3க்கு 4 புள்ளி வைத்துச் சுற்றினார். 12 புள்ளி, கை எடுக்காத ஒரே கோடு. அந்தக் கோடு தன்னையே வெட்டும் இடங்களை எண்ணினேன்: 17. திரையில் எண்ணினேன்: அங்கேயும் 17!

மூன்றுக்கும் நான்குக்கும் 1ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது, அதனால்தான் ஒரே கோடு. 4க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனிக் கோடு வேண்டும். திரையில் 400க்கு 400 கொடுத்தால் வெறும் முட்டைதான் வரும். திரைக் கோலத்தில் ஓரக் கண்ணிகள் நெருங்கி நிற்பது ஒரு குறை. முக்கோண அலை கொடுத்தால் இடைவெளி சமமாகும், ஆனால் வளைவெல்லாம் கூர்முனையாகிவிடும். சித்திக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

நியூயார்க்கில் ஸ்டீவ் ரட்டும் பில் எட்ராவும் தங்கள் கருவியைக் கட்டிய அதே 1970களில், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக்கொண்டிருந்தார். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974இல் வெளியானது. கணினி வரைகலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் தாம்பரத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

இன்னொன்று. அனலாக் அலையாக்கிகள் சூடேறினால் சுருதி நழுவும். கணினி நழுவாது, நாம்தான் நழுவவிட வேண்டும். 300க்குப் பதில் 300.01 கொடுங்கள். கோலம் மெல்லப் புரண்டு, 12.5 விநாடிக்கு ஒருமுறை கோடு தொங்கி, மறுபடி மூடும். இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982இல் தொடங்கிய பிறகு வேதாரண்யம் பக்கம் உயரக் குழாயில் ஆன்டெனா கட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மொட்டை மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துவார். ஓடும் படத்தை நிறுத்த டிவிக்குப் பின்னால் இருந்த திருகை மயிரிழை திருப்ப வேண்டியிருந்தது. அந்த மயிரிழைதான் இந்த 0.01. அது இல்லாத நகலை நான் நகலாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரட்-எட்ரா அடுத்த வாரம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் படத்தோடு. அதற்குள் வாசலில் 4க்கு 6 புள்ளி வைத்துச் சுற்றிப் பாருங்கள். எத்தனை கோட்டில் முடிந்தது என்று ஒரு கார்டு போடுங்கள்.