கண்ணின் மூலையைப் படம் பிடித்தல்

இரவில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது. கூடவே ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் சிவந்து வலிக்கும் அந்தக் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் எகிறியிருக்கலாம். இது கோண அடைப்பு கிளாக்கோமாவின் திடீர்த் தாக்குதல். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். இதைவிடக் கவலை தருவது, பலருக்கு வலியே இல்லாமல் இந்த நோய் வளர்வதுதான். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். போன பார்வை திரும்பாது.

கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழியும் அதன் பின்னுள்ள நிறத்திரையான ஐரிஸும் சந்திக்கும் மூலையில், சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. அந்த மூலைதான் கோணம். வயது ஏற ஏற லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னே தள்ளுகிறது. சிறிய கண் உள்ளவர்களுக்கும், தூரப் பார்வைக்கு ப்ளஸ் பவர் கண்ணாடி போடுபவர்களுக்கும், பெண்களுக்கும் வடிகால் அடைபடும் வாய்ப்பு அதிகம்.

கோணத்தை வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடியாது. அங்கிருந்து வரும் ஒளி கருவிழியில் பட்டு உள்ளுக்கே திரும்பிவிடுகிறது. அதனால் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி பதித்த லென்ஸைக் கண்மேல் வைத்துப் பார்ப்பார்கள். இதுதான் கோனியோஸ்கோபி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பார்ப்பதற்குப் பாய்ச்சும் வெளிச்சமே ஐரிஸின் நடுவிலுள்ள பாவையைச் சுருக்கி, ஐரிஸை இழுத்து, மூடிய கோணத்தைத் திறந்து காட்டிவிடக்கூடும். முன்கண் ஓசிடி ஸ்கேன் பயன்படுவது இங்கேதான். அது கண்ணைத் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால், இருட்டறையிலேயே சில விநாடிகளில் கண்ணின் குறுக்குவெட்டைப் படமாக்குகிறது. இருட்டில் பாவை விரியும்போது ஐரிஸின் ஓரம் திரண்டு கோணத்தில் போய் முட்டுவதை நோயாளியே திரையில் பார்க்கலாம். இந்த வகைப் படம் 1994-இல் முதன்முதலாக வெளியானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டொராண்டோவில் சார்லஸ் பாவ்லின் குழு, 50 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலியலைகளால் முன்கண்ணைப் படமெடுக்கும் கருவியை உருவாக்கியிருந்தது.

ஓசிடியின் ஒளி ஐரிஸின் பின்புறக் கருநிறத்தைத் தாண்டாது. அதற்குப் பின்னால் கோளாறு என்றால் அந்த ஒலியலைக் கருவிதான் வேண்டும். ஐரிஸ் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா, ஒட்டியே போய்விட்டதா என்பதை லென்ஸால் மெல்ல அழுத்திப் பார்க்கும் மருத்துவரே உறுதிசெய்ய முடியும். படம் எடுத்தாயிற்று, இனி கோனியோஸ்கோபி வேண்டாம் என்று விட்டுவிடுவது தவறு.

கோணம் குறுகலாகத் தெரிந்த எல்லோருக்கும், அடைப்பைத் தடுக்க லேசரால் ஐரிஸில் துளை போட வேண்டுமா? வேலூரில் குறுகிய கோணம் கொண்ட 50 பேரை ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது 11 பேருக்கு நிலை முற்றியிருந்தது. சீனாவின் குவாங்சௌவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் செய்து ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். லேசர் செய்த கண்களில் 19, செய்யாதவற்றில் 36 மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போயின. பலன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் செய்யும் அளவுக்கு ஆபத்து இல்லை என்பது 2019-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

அதனால் யாருக்கு லேசர், யாருக்கு வெறும் கண்காணிப்பு என்று பிரிப்பதில்தான் இந்தப் படங்கள் உதவ வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், நாற்பது வயதுக்கு மேல் கண் பரிசோதனைக்குப் போகும்போது அழுத்தம் பார்த்ததோடு நிற்காமல் கோணத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கோணம் குறுகல் என்று தெரிந்தவர்கள் சளி மாத்திரை வாங்கும் முன்பும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவற்றில் சில பாவையை விரிக்கக்கூடியவை.