கடல்கட்டியும் மூன்றிலொரு பங்கும்

தைப்பூசத்துக்குச் சில தினங்கள் முன்பாக, தூத்துக்குடியிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் நள்ளிரவு கடந்த வேளையில் நின்று பார்ப்பவருக்கு, முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஊர் ஊராகக் கடந்து திருச்செந்தூர்ச் சந்நிதியை நோக்கி, காவடியும் பஜனையும் அரோகரா முழக்கமுமாக ஜனங்கள் சாரிசாரியாய் நடந்து செல்லும் காட்சி, பக்தியோடு சற்றே திகிலையும் உண்டாக்கும்; ஏனெனில் வேன்களும் பஸ்களும், துறைமுகத்தை நம்பி ஓடும் கனரக லாரிகளும் அவர்களுடைய தோளை உரசாத குறையாக அதே இருட்டில் பறந்துகொண்டிருக்கும். அதற்குள் மூன்று மணி, நான்கு மணி ஆகிவிட்டால், வெயில் ஏறுமுன் அளத்தில் இறங்க வேண்டிய உப்பளத் தொழிலாளர்கள், விளக்கில்லாத சைக்கிள்களில், தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். யாத்திரிகர்களுக்கு இந்த அபாயம் வருஷத்தில் சில நாட்கள்தான், இவர்களுக்கோ தினந்தோறும்.

ஒரு முறை யாத்திரிகர்களோடு பழையகாயல் வரை நானும் நடந்தேன். தார்ச் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்த ஒரு பெரியவரைக் கையைப் பற்றி ஓரத்துக்கு இழுத்தபோது, “முருகன் பார்த்துக்கிடுவான், அண்ணாச்சி” என்றார். சிறிது நேரத்தில் எங்களைக் கடந்து சென்ற கன்டெய்னர் லாரி ஒன்று கிளப்பிய காற்றில் அவருடைய தோள்துண்டு பறந்து உப்பளத்தில் விழுந்தது. அதற்கும் அவர் அரோகரா என்றுதான் சொன்னார்.

இந்த நம்பிக்கையைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. 1961-க்குப் பிறகு நின்றுபோன முத்துக்குளிப்பு இக்கரையில் நடந்த காலங்களில், மந்திர பலத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டி கரையில் இருந்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்கமாட்டார்கள். ஆனால் கடல்கட்டியை நம்பிய அதே குளியாள், எடுத்து வந்த சிப்பியில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் திட்டமாக அறிந்திருந்தான். வெள்ளையர் காலத்துக் குளிப்பில் சர்க்காருக்கு இரண்டு பாகமும் குளித்தவனுக்கு ஒரு பாகமுமாகக் கரையிலேயே பிரிக்கப்பட்டது. இன்று சாலையில் நடப்பவனிடம் கடல்கட்டி இருக்கிறான். பங்கைப் பற்றிய ஞானந்தான் இல்லை.

அந்தப் பங்கு சொற்பமானதன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே, நடைபாதையே இல்லாத இடத்தில் சாலையோரத்தில் நடப்பவன் யாருடைய தயவிலும் நடக்கவில்லை. பாதை அமைத்துத் தராத குறை அவனுடையதன்று. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்னும் கணக்கைப் பார்த்தால், இது ஏட்டுத் தத்துவமல்ல என்பது விளங்கும்.

உரிமை இருந்தாலும் உடம்பு ஒன்றுதானே. நடைபாதையில்லாத சாலையில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நடப்பதே உத்தமம். முதுகுக்குப் பின்னால் வரும் லாரியைப் பார்க்க ஒருவருக்கும் கண்ணில்லை. சைக்கிளில் செல்பவர் மற்ற வாகனங்களைப் போல இடப்பக்கந்தான் போக வேண்டும். ஆகவே பின்பக்கத்துச் சிவப்பு விளக்கோ, ஒளியைத் திருப்பித் தரும் ஸ்டிக்கரோ அவருக்கு ஆபரணமன்று. யாத்திரைக் காலத்தில் போலீசார் நடப்பவர்களை வழியில் நிறுத்தி இந்த ஸ்டிக்கர்களை ஒட்டிவிடுவதுண்டு. அதில் இன்னொரு பிரயோஜனமும் இருக்கிறது: நஷ்டஈட்டு வழக்கு வரும்போது, ‘இவர் கண்ணுக்குத் தெரியாமல் நடுச்சாலையில் வந்தார்’ என்று வாதித்து, விபத்தில் அடிபட்டவருக்கும் பங்குண்டென்று தொகையைக் குறைக்கப் பார்ப்பது இன்ஷூரன்ஸ் தரப்பின் வழக்கம், முதுகில் மின்னிய அந்த ஸ்டிக்கர் அப்போது சாட்சி சொல்லும். என்னோடு வந்த பெரியவர் அதைத் தம் முதுகில் ஒட்டச் சம்மதிக்கவில்லை; காவடியில் ஒட்டினால் ஆட்சேபமில்லை என்றார்.

விபத்து நேர்ந்துவிட்டால் முதல் காரியம் 108. போலீசும் கோர்ட்டும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தால் கூட்டம் வேடிக்கை பார்த்து நிற்கிறதே, அந்தப் பயத்துக்கு இப்போது ஆதாரமில்லை. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது, அவருடைய பெயரையோ விலாசத்தையோ சொல்லும்படி நிர்ப்பந்திக்கவும் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. பணத்தை எண்ணி வைத்தால்தான் சிகிச்சை என்னும் பீதிக்கும் பரிகாரம் உண்டு: 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரத்து அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், குறிப்பிட்ட வரம்புவரை இலவசம், காப்பீட்டு அட்டை வேண்டுவதில்லை, வேற்று மாநிலத்தவர் என்ற பேதமும் இல்லை.

வண்டியின் நம்பர் தெரிந்திருந்தால் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து திருச்செந்தூர்ச் சாலையில் நடந்தது என்பதற்காக விருதுநகர்க்காரர் தூத்துக்குடிக்கு அலைய வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஆனால் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் கெடு வைத்திருப்பதால், காயம் ஆறட்டும், திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது விபரீதம். ஓட்டியவருடைய தவறை நிரூபிக்கச் சாட்சியில்லாதவர்களுக்கு 164-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லாமல், மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம்.

அடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை, இருட்டில் மறைந்துவிட்டது என்றால்? ‘லாரிக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான், யார்கிட்டப் போய்க் கேட்கது’ என்று தலையில் கைவைத்து உட்கார்ந்த குடும்பங்கள் இக்கரையில் அநேகம். அவர்களுக்கென்றே மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தருவதற்கு 2022 முதல் ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. விசாரணை தாசில்தார் அல்லது அந்த நிலையிலுள்ள அதிகாரியிடம், உத்தரவு கலெக்டரிடம். 2022-ல் நாட்டில் அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த மனுக்களோ 205! கொடுப்பதற்குப் பணம் இருந்தும் கேட்பதற்கு ஆளில்லாத இந்த விசித்திரத்தைக் கண்டுதான், ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு வழக்கைப் பதிந்த போலீஸ் நிலையமே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தக் கடிதம் வருமென்று காத்திருக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் பெற்றுக்கொண்டு நாமே தாலுகா ஆபீசுக்குப் போகலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்பதும் நியாயமான கேள்வியே. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் ஆகியோருக்கு, வருமானத்தைப் பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. தொலைபேசி எண் 15100. உப்பளத்தில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம் என்பதால், அளத்துச் சைக்கிள்காரர்களின் வீடுகளில் இதற்குத் தகுதியில்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். விடியுமுன் தொடங்கும் அளத்து வேலை வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடிந்துவிடுகிறது. அதே சைக்கிளை மிதித்துக்கொண்டு கோர்ட்டு வேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.