புற்றுநோய் மருந்தும் வாய்ப்புண்ணும்

கொல்கத்தாவில் 1950-ஆம் ஆண்டு ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார் திறந்துவைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை, இன்று தேசிய நிலையமாக விளங்குகிறது. இத்தகைய இடங்களில் மருந்தேற்றிக்கொண்டு ஊர் திரும்புவோர் பலருக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாய் புண்ணாகிறது. விரைந்து பெருகும் உயிரணுக்களை மருந்து அழிக்கிறது. வாயின் உட்படல அணுக்களும் அவ்வாறு பெருகுவனவே. நல்லது தீயது என்று மருந்து பிரித்தறியாது.

ஃபுளூரோயுராசிலைச் சிரையில் ஒரேயடியாகச் செலுத்துங்கால், 5 நிமிடம் முன்னதாகத் தொடங்கி 30 நிமிடம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிவைத்தல் நன்று. குளிரால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகவே சேரும். ஆக்சாலிபிளாட்டினும் பெறுவோருக்கு இம்முறை ஆகாது.

வீட்டில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து அடிக்கடி கொப்பளித்து உமிழ்க. வெற்றிலை, ஜர்தா, மிளகாய் ஆகா. காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புக; வெள்ளணுக்கள் குன்றிய உடலில் கிருமிகள் புண்வழியே இரத்தத்துள் புகக்கூடும்.