சாந்தும் செருப்பும்: கொங்குச் சோழர் வரலாற்றை வாசித்தல்

கொங்குச் சோழர் என்றால் நம்மூரில் படித்தவர்கள்கூட 'தஞ்சாவூர்ச் சோழனா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் வந்து சேரும்வரை இங்கே ஆண்ட தனிக்கிளை இது. ராஜகேசரி, பரகேசரி என்று தஞ்சைப் பட்டங்களைச் சூட்டிக்கொண்டார்கள்; கூடவே கோநாட்டான் என்றும் போட்டுக்கொண்டார்கள். மையத்தின் பெயரைக் கடன் வாங்கித்தான் விளிம்பு அரசாள முடிந்திருக்கிறது.

ஆங்கிலோ-சாக்சன் அரசுகளில் மெர்சியாவுக்கும் ஏறக்குறைய இதே கதி. நார்த்தம்பிரியாவில் பீட் 731இல் எழுதி முடித்ததையும், வெசெக்ஸ்காரர்களின் ஆண்டுக்குறிப்புகளையும் வைத்துத்தான் அதைப் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். நமக்குக் 'கொங்குதேச ராஜாக்கள்' என்றொரு பிற்கால ஏடு உண்டு. அதை அப்படியே நம்பிப்போனால் கிணற்றில் விழவேண்டியதுதான். மிச்சம் கல்வெட்டு.

கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு. வெங்கால நாட்டுக் கண்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் விடுத்த ஆணை. அது பொதுப்பட்டம் என்பதால் ஆள் யாரென்று ஒரு வாதம் உண்டு. 1207இல் பட்டமேறிய கொங்குச் சோழன் வீரராசேந்திரன் என்று பலர் கொள்கிறார்கள். அவனுடைய 15ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகையில் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். (நல்லது கெட்டது என்று நாம் இன்றும் கல்யாணத்தையும் சாவையும்தான் சொல்கிறோம்.)

மன்னரின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி வாசிக்க வரவில்லை. அனுமதி என்ற ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு முந்தைய ஆனிவரை தடை இருந்திருக்கிறது. தடுத்தவர் யார் என்பதைப் பிரதி சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அதிகாரம். நாட்டிலிருந்த நிலவுடைமையாளர்களைத் தாண்டி, கைவினைஞர்களைத் தன் பக்கம் இழுக்க அரசன் செய்த காரியமாகவும் இது இருக்கலாம். கோயில் கட்ட அவர்கள் கை வேண்டுமே. கோயில் சுவருக்குப் பூசிய சாந்தைத் தன் வீட்டுக்குப் பூசக்கூடாது என்றிருந்த ஆள், தனக்குக் கிடைத்த சலுகையைத் தானே உளி பிடித்து வெட்டியிருப்பான்.

கண்மாளர் கேட்டார்கள், கல்லில் ஏறினார்கள். அவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கு இப்படி ஒரு கல் இல்லை. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட தலித்துகளை நம் அப்பாக்கள் பார்த்திருக்கிறார்கள். வீரராசேந்திரனுக்கு 700 வருசத்துக்கு அப்புறம், அதே கொங்கில்.