உங்க முகம் சர்வருக்குப் போன பிறகு என்ன ஆகுது?

குலசேகரன்பட்டினம்னு சொன்னா இப்போ பல பேருக்கு இஸ்ரோவோட புது ராக்கெட் தளம்தான் ஞாபகம் வரும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினாங்க. ஆனா தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்க, குலசைன்னாலே முத்தாரம்மன் கோயில் தசராதான். கொடியேறிக் காப்புக் கட்டினதும் காளி, குரங்கு, குறத்தி, போலீஸ்னு வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவாங்க. பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் வந்து சேருவாங்க. லட்சக்கணக்கில் கூட்டம், எல்லார் கையிலும் போன்.

அந்த போனில் எடுத்த ஒரு போட்டோவைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். காளி வேஷத்தில் ஒரு செல்ஃபி எடுத்து, ஏதோ ஒரு ஏஐ ஆப்பில் போட்டு, "வேஷம் இல்லாம என் முகத்தைக் காட்டு"ன்னு கேட்கிறீங்க. 2025 மார்ச்சில் கிப்லி டிரெண்ட், செப்டம்பரில் ஜெமினி சேலை டிரெண்ட், ரெண்டிலும் நம்மில் பல பேர் இதே மாதிரி வேலையைத்தான் செஞ்சோம். படத்தை உங்க போன் வரையலை. எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுற நியூரல் நெட்வொர்க் வரையுது. அதுக்கு உங்க முகம் அங்கே போயாகணும்.

"என்க்ரிப்ட் பண்ணித்தானே அனுப்புறாங்க?" சரிதான். போட்டோ இணையத்தில் போகும்போது பூட்டியிருக்கும். சர்வரின் ஹார்ட் டிஸ்கில் சேமிக்கும்போதும் பூட்டலாம். ஆனா நெட்வொர்க் கணக்குப் போடும் நேரத்தில் பூட்டைத் திறந்துதான் ஆகணும். முகவரியை மறைத்து வெச்சா தபால்காரர் எப்படிக் கடிதம் கொடுப்பார்? அந்த நேரத்தில் சர்வரை நடத்துறவங்க, அதில் புகுந்தவங்க, கோர்ட் உத்தரவோட வர்றவங்க, எல்லாருக்கும் அது திறந்த படம்தான். கோர்ட்னு சும்மா சொல்லலை. நியூயார்க் டைம்ஸ் வழக்கில் 2025 மே மாதம், பயனர்கள் டெலீட் செய்த சாட்களையும் பாதுகாத்து வைக்கணும்னு ஓப்பன்ஏஐக்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது. சில மாதம் கழித்துத்தான் அது விலகியது. நாம அழுத்துற டெலீட் பட்டனுக்கு எவ்வளவு மதிப்புன்னு அதில் தெரிஞ்சது.

நம்ம ஊர்லயும் ஒண்ணு நடந்திருக்கு. தமிழ்நாடு போலீஸிடம் முகம் அறியும் மென்பொருள் ஒண்ணு இருக்கு. கொல்கத்தாவில் இருக்கிற சி-டாக் உருவாக்கியது. சந்தேகப்படுற ஆளைப் போலீஸ்காரர் போனில் படம் எடுத்தா, சர்வரில் இருக்கிற பதிவுகளோட அது ஒப்பிட்டுச் சொல்லும். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்துட்டாங்க. ஒரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வெளியே போனதுதான் காரணம்னு போலீஸ் தரப்பில் சொன்னாங்க. கணிதம் எதையும் உடைக்கலை, சாவி கையில் கிடைச்சுது, அவ்வளவுதான். பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். முகத்தை மாத்த முடியாது. குலசையில் பத்து நாள் வேஷம் கட்டினாலும் பதினோராம் நாள் அதே முகம்தான்.

அப்போ சாவியே சர்வர்கிட்ட இல்லைன்னா? இங்கேதான் ஹோமோமார்ஃபிக் என்க்ரிப்ஷன் வருது. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. உங்ககிட்ட 7 என்ற எண் இருக்கு, எனக்குக் காட்ட விருப்பமில்லை. ரகசியமா 50 கூட்டி 57-ஐக் கொடுக்கிறீங்க. நான் அதை இரண்டால் பெருக்கி 114-ஐத் திருப்பித் தர்றேன். நீங்க 100-ஐக் கழிக்கிறீங்க, 14 வந்துடுச்சு. 7-ஐப் பார்க்காமலே அதை நான் இரட்டிப்பாக்கிட்டேன். தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காம, குவியலா வெச்சு ஏலம் விட்ட மாதிரின்னு சொல்லலாம். உள்ளே முத்து இருக்கான்னு யாருக்கும் தெரியாது, வியாபாரம் மட்டும் நடக்கும்.

உண்மையான முறை இதைவிட எவ்வளவோ சிக்கலானது. எத்தனை கணக்கு வேணும்னாலும் பூட்டைத் திறக்காமலே போடலாம்னு கிரெய்க் ஜென்ட்ரி காட்டினது 2009-ல்தான். நியூரல் நெட்வொர்க்குக்கு இது பொருந்துறதுக்குக் காரணம், அதில் நடக்கிறது பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான். ஆனா இடையிடையே "இந்த எண் பூஜ்யத்துக்கு மேலயா, கீழயா"ன்னு பார்க்கும் வேலையும் வரும். பூட்டிய எண்ணில் அந்த ஒப்பீடு பெரிய தலைவலி. 2016-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் செஞ்ச கிரிப்டோநெட்ஸ் அந்த இடத்தில் எண்ணை வர்க்கப்படுத்திச் சமாளிச்சுது. கையால் எழுதிய இலக்கங்களை 99 சதவீதம் சரியாகப் படிச்சுது. நேரம்? ஒரு சுற்றுக்கு 250 விநாடி. ஒரே சுற்றில் 4,096 படங்களை ஓட்டலாம்தான், ஆனா ஒரே ஒரு படம் கொடுத்தாலும் நாலு நிமிஷம் காத்திருக்கணும். சாட்ஜிபிடி அளவு மாடலை இப்படி ஓட்டுறது இன்னைக்கு நடைமுறையில் இல்லை.

சின்ன வேலைகளில் இது உங்க கைக்கே வந்துடுச்சு. 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-ல், போட்டோவில் இருக்கிற பிரபலமான இடம் எதுன்னு கண்டுபிடிக்கும் வசதி இருக்கு. போன் அந்தப் பகுதியை எண்களா மாத்தி, பூட்டி அனுப்பும். சர்வர் திறக்காமலே ஒப்பிடும், விடையைப் போன் மட்டும்தான் திறக்க முடியும். நல்ல வேலைதான். ஆனா யாரையும் கேட்காமலே அதை ஆன் பண்ணி வெச்சதுக்குத் திட்டும் வாங்கினாங்க. என்னைக் கேட்டா திட்டினது நியாயம். கணக்கு எவ்வளவு பத்திரமா இருந்தாலும் அனுமதி வேற விஷயம்.

இதைவிட எளிய வழி, நெட்வொர்க்கைப் போனுக்குள்ளேயே ஓட்டுறது. முகத்தைக் காட்டி லாக் திறக்கும்போது நடக்கிறது அதுதான், படம் வெளியே போறதில்லை. சின்ன மாடல் போதும்கிற வேலைக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன். பெரிய மாடலுக்கு, சிப்புக்குள்ளேயே பூட்டிய ஒரு அறை மாதிரி தனிப் பகுதி வெச்சு, சர்வர் நடத்துறவங்களே எட்டிப் பார்க்க முடியாதபடி ஓட்டும் முறை இருக்கு. அங்கே நீங்க நம்புறது சிப் செய்தவரை.

சரி, போலீஸ் சர்வரில் இதெல்லாம் உதவியிருக்குமா? களவு போவதைக் குறைக்கலாம். ஆனா ஒண்ணு கவனிங்க. இந்த முறைகள் எல்லாம் பயனரை சர்வரிடமிருந்து காப்பாத்தச் செஞ்சவை. அங்கே பயனர் போலீஸ். நீங்க வெறும் பதிவு, சாவி உங்க கையில் எந்தக் கட்டத்திலும் வராது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்கத் தரவைப் பயன்படுத்துறதுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கு. அந்த விலக்கு எதுவரைக்கும் போகலாம்னு ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கு. அது அடுத்த எபிசோடில்.