ஆயில் இன்ஜினுக்கு செல்ஃப் ஸ்டார்ட்: ஒரே மெஷின், இரண்டு வேலை



2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா கடற்கரையைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போனால் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிடும். குடிக்க, சமைக்க, உளூ செய்ய என எல்லாவற்றுக்கும் அப்போது கைகொடுப்பது டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின்தான். ஆனால் ஹேண்டில் போட்டுச் சுற்றி அதைக் கிளப்ப வலுவான ஓர் ஆள் வேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்களும் பெண்களும் மட்டுமே உள்ள வீடுகள் நம்மிடையே ஏராளம். அங்கே இன்ஜின் இருந்தும் பயனில்லை. ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும் ஆபத்தும் உண்டு.

இதற்கு ஒரு வழி, இன்ஜினோடு ‘ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்’ ஒன்றைப் பெல்ட் போட்டு இணைப்பது. காரில் ஸ்டார்ட்டர் தனி, சார்ஜ் ஏற்றும் மெஷின் தனி. இதிலோ இரண்டு வேலையையும் ஒரே மெஷின் செய்கிறது. ஜெர்மனியின் பாஷ், சிபா கம்பெனிகள் பழைய சிறு கார்களுக்கு ‘டைனாஸ்டார்ட்’ என்ற பெயரில் இதைச் செய்தன. கோல்ஃப் மைதானங்களில் ஓடும் பெட்ரோல் வண்டிகளிலும் பெல்ட்டில் ஓடும் இந்த வகை உண்டு. சாதாரண ஸ்டார்ட்டருக்கு ஃப்ளைவீலில் பல்சக்கரம் வேண்டும். பழைய ஆயில் இன்ஜின்கள் பலவற்றில் அது கிடையாது. இதற்குப் பெல்ட் போதும்.

எப்படி வேலை செய்கிறது?

மெஷினுக்குள் இரண்டு வகை காயில்கள் உள்ளன. பட்டனை அழுத்தினால் பேட்டரி கரண்ட் தடித்த காயில் வழியே பாய்ந்து, மெஷின் மோட்டாராகி இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் கிளம்பிய பிறகு அதே பெல்ட் மெஷினைச் சுற்றும். அப்போது மெல்லிய காயிலின் துணையால் அது டைனமோவாகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். ரெகுலேட்டர் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும். இன்ஜின் நின்றதும் பேட்டரி கரண்ட் திரும்பி ஓடாமல் கட்அவுட் தடுக்கும். இந்த இரண்டும் இல்லாமல் மெஷினை மட்டும் மாட்டக்கூடாது.

இவ்வளவு சிறிய மெஷினால் முடியுமா?

முடியும். அதற்கு உதவுவது, வால்வைத் தூக்கிப் பிடிக்கும் டீகம்ப்ரஷன் லீவர். முதலில் லீவரைத் தூக்கிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தம் இல்லாததால் கனமான ஃப்ளைவீல் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். வேகம் வந்ததும் லீவரை விட்டால், ஃப்ளைவீலில் சேர்ந்த விசையே பிஸ்டனை அழுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். லீவர் இல்லாத இன்ஜினுக்கு இந்த ஏற்பாடு பொருந்துவது கடினம்.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 100 ஆம்பியர் வீதம் 6 விநாடி இழுத்தாலும் செலவு ஒரு ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். 5 ஆம்பியர் சார்ஜ் ஏறினால் சில நிமிடங்களில் அது திரும்பிவிடும்.

புல்லி அளவில் கவனம்

ஸ்டார்ட் செய்ய, இன்ஜின் பக்கம் பெரிய சக்கரமும் மெஷின் பக்கம் சிறிய புல்லியும் இருப்பது நல்லது. ஆனால் இன்ஜின் ஓடும்போது அதே கணக்கு மெஷினை வேகமாகச் சுற்றும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய இன்ஜினில் 600 மி.மீ. ஃப்ளைவீலுக்கு 75 மி.மீ. புல்லி போட்டால் எட்டு மடங்கு, அதாவது 5,200 சுற்று. இதையே 1,500 சுற்று இன்ஜினில் செய்தால் 12,000 சுற்று! ஆர்மேச்சர் காயில் பிய்ந்து சிதறக்கூடும். அங்கே இன்ஜின் பக்கம் 225 மி.மீ. புல்லி போட்டால் மூன்று மடங்கு, 4,500 சுற்றுதான் வரும். மெஷின் தாங்கும் வேகத்தைத் தெரிந்துகொண்டு, மெக்கானிக்குடன் சேர்ந்து கணக்குப் போடுங்கள். இன்ஜின் சுற்றும் திசையும் மெஷின் சுற்றும் திசையும் ஒத்துப்போக வேண்டும்.

மறக்கக்கூடாதவை

• பேட்டரியிலிருந்து மெஷினுக்குத் தடித்த ஒயர், குறைந்த நீளத்தில் போடுங்கள். மெல்லிய ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும்.
• பெல்ட்டுக்குக் கம்பி வலை மூடி கட்டாயம். துப்பட்டா, சேலை, கைலி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.
• பட்டனை அழுத்தும் முன் ஹேண்டிலைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள்.
• ஸ்விட்சை அணைத்தால் டீசல் இன்ஜின் நிற்காது. டீசலை நிறுத்தும் லீவரை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள்.
• மூடிய அறையில் இன்ஜினை ஓட்டாதீர்கள். புகை உயிரைக் குடிக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது.
• ஹேண்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பேட்டரி கைவிட்டால் அதுதான் துணை. அப்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். திருப்பி அடித்தால் கை தானாக விலகும்.

ஐப்பசி மழை தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் தாங்களே ஒருமுறை ஸ்டார்ட் செய்து, நிறுத்திப் பழகிக்கொள்ளட்டும். புயல் வந்தாலும், இன்ஷா அல்லாஹ், தண்ணீருக்காக யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிராது.